காய்ச்சலில் பட்டினி போடாதீர்கள்: குடியாத்தம் வாசகிக்குக் குழந்தை மருத்துவரின் பதில்

கேள்வி: என் மகனுக்கு ஒன்றேகால் வயது. இரண்டு மாதங்களுக்கு முன் காய்ச்சலும் வாந்தியும் வந்தன. வயிற்றைக் காயப்போட்டால் சரியாகும் என்று, பெரும்பாலும் இரவில் அவனுக்குச் சோறூட்டும் மாமியார் சொன்னதால், இரவு சீரகத் தண்ணீர் மட்டும் கொடுத்துத் தூங்க வைத்தோம். விடியற்காலையில் எழுப்பினால் கண் திறக்கவில்லை, உடம்பு சில்லிட்டிருந்தது. வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தத்தில் சர்க்கரை அடியோடு குறைந்துவிட்டது என்று டிரிப்ஸ் ஏற்றினார்கள். சில மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டான். பிறகு செய்த பரிசோதனையில் ‘ஏ.சி.ஏ.டி.எம்.’ என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் ஒரே கோளாறு என்று வந்திருக்கிறது. கொழுப்பைச் செரிக்கும் நொதி இல்லையாம். என் கணவர் எனக்குத் தாய்மாமன். உறவில் கட்டியதால்தான் இப்படி ஆனதா? எண்ணெயை அறவே நிறுத்திவிட வேண்டுமா? மறுபடி காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளலாமா? மூத்தவளுக்கு ஐந்து வயது, ஒரு நாளும் படுத்ததில்லை. என் கணவரின் அண்ணன் பையன் ஒன்றரை வயதில் இதே மாதிரி வாந்தி எடுத்துத் தூக்கத்திலேயே போய்விட்டான். மாந்தம் என்றார்கள். அவர்களும் உறவுக்குள் கட்டியவர்கள்தான். இப்போது அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். மகனுக்குத் திருப்பதியில் மொட்டை அடிக்க வேண்டுதல் இருக்கிறது. அழைத்துப் போகலாமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, குடியாத்தம்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டவற்றுக்கு முன்னால், கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதுதான் அவசரம். மூத்தவளை இந்த வாரமே ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அவளும் அதே அப்பா, அம்மாவின் பிள்ளை. தம்பிக்கு இருக்கும் கோளாறு அவளுக்கும் இருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஐந்து வயது வரை படுக்கவில்லை என்பதால் அவளுக்கு இது இல்லை என்று ஆகிவிடாது. இந்தக் குறை உள்ள பிள்ளைகள், நன்றாகச் சாப்பிட்டு ஓடியாடிக்கொண்டிருக்கும்வரை மற்ற பிள்ளைகளிலிருந்து வேறுபட்டே தெரிவதில்லை. முதல் தொந்தரவு பெரியவர்கள் ஆன பிறகு வந்தவர்களும் உண்டு. சில சொட்டு ரத்தத்தை வடிதாளில் எடுத்து, எரியாமல் தேங்கும் கொழுப்புத் துண்டுகளைக் காட்டும் ‘அசைல் கார்னிடின்’ அளவு பார்த்தால் போதும். தம்பியின் மரபணுவில் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்பது தெரிந்துவிட்டதால், அவளிடம் அந்த ஓர் இடத்தை மட்டும் தேடிப் பார்க்கலாம். முழு மரபணுவையும் மறுபடி படிக்கத் தேவையில்லை. முடிவு வரும்வரை அவளுக்கும் இந்தக் கோளாறு இருப்பதாகவே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள். உங்கள் கணவரின் அண்ணன் பிள்ளைகள் இருவருக்கும் இதே பரிசோதனை வேண்டும். இறந்துபோன அந்தக் குழந்தைக்கு இதுதான் இருந்தது என்று இனி யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விதம் அப்படியே பொருந்துகிறது. 1980களின் தொடக்கத்தில்தான் மருத்துவ உலகமே இப்படி ஒரு நோய் இருப்பதைப் பிரித்து அறிந்தது. அதற்கு முன் பெரிய நாடுகளிலும் ‘காரணம் தெரியாத மரணம்’ என்றோ, மூளையும் கல்லீரலும் பாதித்த வேறொரு நோய் என்றோதான் எழுதி வைத்தார்கள். மாந்தம் என்று சொன்ன பெரியவர்கள்மேல் கோபப்பட ஒன்றும் இல்லை.

இனி மரபணு விஷயம். ஏ.சி.ஏ.டி.எம். நம் எல்லோரிடமும் இருக்கிறது. 1-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில் அதற்கு இடம். ஒரு பிரதி அப்பாவிடமிருந்தும் இன்னொன்று அம்மாவிடமிருந்தும் வருகிறது. அது தரும் குறிப்பை வைத்து உடம்பு ஒரு நொதியைச் செய்துகொள்கிறது. அதன் பெயர் ‘மீடியம் செயின் அசைல் கோ-ஏ டீஹைட்ரஜனேஸ்’. வாயில் நுழையாது என்பதால் மருத்துவர்கள் ‘எம்கேட்’ என்பார்கள். ‘கொழுப்பைச் செரிக்கும் நொதி இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல. உங்கள் மகன் சாப்பிடும் எண்ணெயும் நெய்யும் குடலில் நன்றாகவே செரிக்கின்றன. சிக்கல் வருவது பிற்பாடு, செல்லுக்குள்ளே, ஆற்றலை உருவாக்கும் பகுதியான மைட்டோகாண்டிரியாவில்.

சாப்பிட்டு சில மணி நேரம் வரை உடம்பு சாப்பாட்டின் சர்க்கரையில் ஓடுகிறது. அடுத்து கல்லீரலில் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரை எடுக்கப்படுகிறது. சின்னக் குழந்தையிடம் அந்தச் சேமிப்பு மிகக் குறைவு. அதுவும் தீர்ந்தால், உடம்பில் உள்ள சொந்தக் கொழுப்பு கரைந்து கொழுப்பு அமிலங்களாக வெளியே வருகிறது. பெரும்பாலானவை 16 அல்லது 18 கார்பன் நீளமுள்ள சங்கிலிகள். கரும்பை இரண்டிரண்டு கணுவாக நறுக்குவதுபோல, மைட்டோகாண்டிரியா அவற்றை ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு கார்பன் வீதம் வெட்டி எரிக்கிறது. ஒரே நொதி முழு நீளத்தையும் வெட்டுவதில்லை. நீளமானதற்கு ஒன்று, நடுத்தரத்துக்கு ஒன்று, குட்டைக்கு ஒன்று என்று தனித்தனி நொதிகள் இருக்கின்றன. சங்கிலி சுமார் 12 கார்பனிலிருந்து 6 கார்பன் வரை இருக்கும் கட்டம்தான் எம்கேட்டின் பொறுப்பு. உங்கள் மகனிடம் வெட்டு அங்கே வந்து நின்றுவிடுகிறது. வெட்டுப்படாத 8 கார்பன் துண்டுகள் கார்னிடின் என்ற பொருளோடு ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் தேங்குகின்றன. அறிக்கையில் ‘சி8’ என்ற வரிக்கு எதிரே தடித்த எழுத்தில் பெரிய எண் இருந்திருக்குமே, அது இந்தத் தேக்கத்தின் அளவுதான்.

மூளையால் கொழுப்பு அமிலத்தை நேரடியாக எரிக்க முடியாது. அதற்குச் சர்க்கரை வேண்டும், இல்லாவிட்டால் கொழுப்பிலிருந்து கல்லீரல் செய்து தரும் கீட்டோன் வேண்டும். உங்கள் மகனுக்கு அன்று இரவு கீட்டோனும் போதிய அளவு உருவாகவில்லை. இருந்த சர்க்கரையையும் தசை, இதயம் உட்பட எல்லா உறுப்புகளும் பங்கு போட்டுத் தீர்த்துவிட்டன. கண் திறக்காமல் கிடந்ததற்குக் காரணம் அதுதான். நேரத்தில் கொண்டுவந்தீர்கள். நோய் இருப்பது முன்கூட்டித் தெரியாத பிள்ளைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று முதல் தாக்குதலிலேயே இறந்துவிடுவது முன்பெல்லாம் வழக்கமாக இருந்தது. தெரிந்துவிட்ட பிள்ளைகளோ பள்ளிக்கூடம் போய், படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் செய்து பிள்ளை பெறுகிறார்கள். நோய் அதேதான், பெற்றோருக்குத் தெரிந்திருப்பது ஒன்றுதான் வித்தியாசம்.

உங்கள் தம்பி இணையத்தில் தேடிவிட்டு, எம்கேட்டில் மாற்றம் நேரும் இடத்தை ஒரு பக்கத்தில் 304 என்றும் இன்னொரு பக்கத்தில் 329 என்றும் போட்டிருப்பதாகக் குழம்பியதையும் அறிக்கையின் ஓரத்தில் குறித்து அனுப்பியிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றே. எம்கேட் முதலில் 421 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலியாக உருவாகிறது. முதல் 25 அதை மைட்டோகாண்டிரியாவுக்குள் கொண்டு சேர்ப்பதற்கானவை, உள்ளே போனதும் கழற்றப்பட்டுவிடும். அந்த 25-ஐ விட்டுவிட்டு எண்ணினால் 304, சேர்த்து எண்ணினால் 329. அந்த இடத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும், அதற்குப் பதில் குளூட்டமிக் அமிலம் வந்துவிடுகிறது. அதனால் நொதி சரியாக மடிவதில்லை. இப்படி மடிந்த நான்கு சங்கிலிகள் ஒன்றுசேர்ந்தால்தான் எம்கேட் வேலை செய்யும், அந்தச் சேர்க்கையும் கெடுகிறது. ஆனால் இது வட ஐரோப்பிய வழி வந்தவர்களிடம் அதிகம் காணப்படும் மாற்றம். நீங்கள் அனுப்பிய நகலில் இருப்பது அதே மரபணுவில் வேறோர் இடம். எனவே உங்கள் தம்பி அந்தப் பக்கங்களைப் படித்துப் பயப்படவும் வேண்டாம், தைரியம் கொள்ளவும் வேண்டாம்.

காய்ச்சலுக்கு வருகிறேன். ‘லங்கணம் பரம ஔஷதம்’, அதாவது பட்டினியே பெரிய மருந்து, என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அஜீரணத்தில் புரளும் பெரியவருக்கு அது சரியாக இருக்கலாம். இந்தப் பிள்ளைக்கு லங்கணம் விஷம். இதை மாமியாரிடம் நீங்கள் சொன்னால் எடுபடாது என்று தெரிகிறது. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அவரையும் அழைத்துப் போய், மருத்துவர் வாயாலேயே கேட்க வையுங்கள். குழந்தைக்கு இரவில் சோறூட்டுவது பெரும்பாலும் அவர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இந்த வீட்டில் மருத்துவம் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் ஆளும் அவர்தான்.

உடம்பு நன்றாக இருக்கும் நாட்களில் ஒன்று முதல் இரண்டு வயது வரை அதிகபட்சம் 10 மணி நேரம், இரண்டு வயதுக்கு மேல் 12 மணி நேரம் இடைவெளி தாங்கும் என்பது பொதுவான கணக்கு. உங்கள் மருத்துவர் இதைவிடக் குறைத்துச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதே சரி. இரவு எட்டு மணிக்குத் தூங்கிப்போனால் நடுவில் எழுப்பிக் கொஞ்சம் பாலோ கேழ்வரகுக் கூழோ கொடுக்கலாம். சில மருத்துவர்கள் படுக்கும்போது ஆறிய பாலில் வேகவைக்காத மக்காச்சோள மாவை (கார்ன்ஃபிளார்) கரைத்துக் கொடுக்கச் சொல்வார்கள். அது மெதுவாகச் செரித்து விடியும்வரை சர்க்கரை தரும். மாவைச் சூடு செய்தால் அந்தக் குணம் போய்விடும். அளவை அவர்களே எடை பார்த்துச் சொல்வார்கள், நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம்.

காய்ச்சல், வாந்தி, பேதி, சளி, எதுவானாலும் சாப்பாடு பாதியாகக் குறைந்த அன்று இந்த மணிக்கணக்கெல்லாம் செல்லாது. அன்றைக்கு இரவு பகல் பாராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சர்க்கரைக் கரைசல் உள்ளே போக வேண்டும். அவன் வயதுக்கு 100 மில்லிலிட்டரில் 15 கிராம் மாவுச்சத்து என்ற செறிவு வேண்டும். கண் அளவு உதவாது. உணவியல் நிபுணரிடம் எந்தப் பொடி, எத்தனை கிராம், ஒரு வேளைக்கு எவ்வளவு என்று எழுதி வாங்கி, அவர் எதிரிலேயே ஒரு முறை கலக்கிக் காட்டுங்கள். இங்கே ஒரு பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது. மருந்துக் கடையில் வாங்கும் உப்புச்சர்க்கரைப் (ஓ.ஆர்.எஸ்.) பொட்டலத்தைக் கரைத்துக் கொடுத்துவிட்டுச் சர்க்கரை உள்ளே போய்விட்டது என்று நிம்மதியாக இருந்துவிடுவோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி கலந்த கரைசலில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளூக்கோஸ்தான். அதாவது 100 மில்லிலிட்டரில் ஒன்றரை கிராம்கூட இல்லை. உங்கள் மகனுக்குத் தேவையானதில் பத்தில் ஒரு பங்கும் கிடைக்காது. பேதியானால் அந்தக் கரைசலும் வேண்டும்தான், உப்புக்காகவும் நீருக்காகவும். சர்க்கரைக்கு அதை நம்பக் கூடாது. வடித்த கஞ்சித் தண்ணீர், இளநீர் இரண்டுக்கும் இதே பதில். சீரகத் தண்ணீரில் ஒன்றுமே இல்லை.

ஒரு வேளை வாந்தி எடுத்தால் சிறிது நேரம் பொறுத்து மறுபடி கொடுத்துப் பாருங்கள். இரண்டாம் முறையும் நிற்கவில்லை என்றாலோ, குடிக்க மறுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து தூங்கி வழிந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்புங்கள். குடியாத்தத்திலிருந்து வேலூர் வர ஒரு மணி நேரம் ஆகிவிடும். அந்த ஒரு மணி நேரமும் முக்கியம். எனவே முதலில் உள்ளூர் அரசு மருத்துவமனையில் 10 சதவீத குளூக்கோஸ் டிரிப்ஸ் போட்டுக்கொண்டு, பிறகு 108 ஆம்புலன்சில் மேலே வருவது நல்லது. வீட்டில் சர்க்கரை பார்க்கும் மெஷின் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. இந்த நோயில் பிள்ளை மயங்கத் தொடங்கிய பிறகும் சர்க்கரை கொஞ்ச நேரம் சரியாகவே காட்டும். எண்ணைப் பார்த்து நிம்மதியடைந்து ஓர் இரவைக் கடத்திவிடுவார்கள். மெஷினை விட்டுவிட்டுப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

அவசரப் பிரிவில் இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர் இந்த நோயைப் பாடப் புத்தகத்தில் மட்டும் பார்த்திருக்கலாம். மெஷினில் 80 காட்டினால் ‘சர்க்கரை நன்றாகத்தானே இருக்கிறது, வீட்டுக்குப் போங்கள்’ என்று சொல்லக்கூடும். சண்டை போட வேண்டாம். உங்கள் நிபுணரிடம் அவசரக் கடிதம் ஒன்று வாங்கி லேமினேட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். நோயின் பெயர், பிள்ளையின் எடை, சர்க்கரை அளவு சரியாக இருந்தாலும் உடனே குளூக்கோஸ் ஏற்ற வேண்டும் என்ற வரி, கூப்பிட வேண்டிய எண், இவ்வளவும் அதில் இருக்கட்டும். ஒரு நகல் வண்டிப் பெட்டியில், ஒன்று உங்கள் பர்சில், இன்னொன்று மாமியார் சுருக்குப்பையில். எந்த அறுவைச் சிகிச்சைக்கும் ‘வெறும் வயிற்றோடு வாருங்கள்’ என்றால் அதே கடிதத்தை நீட்டுங்கள், முன்னதாகவே டிரிப்ஸ் போட்டு வைப்பார்கள். தடுப்பூசிகளை அட்டவணைப்படி போடுங்கள். காய்ச்சல் கண்டால் பாராசிட்டமால் கொடுக்கலாம். ஆஸ்பிரின் வேண்டாம்.

எண்ணெயை நிறுத்த வேண்டியதில்லை. சோற்றுக்குக் கடலை எண்ணெய்த் தாளிப்பும் இட்லிக்குப் பொடியோடு நல்லெண்ணெயும் வழக்கம்போல் இருக்கட்டும். தட்டில் உள்ள எண்ணெய் அவனைப் படுக்க வைக்கவில்லை. தட்டு காலியாக இருந்த இரவில் அவனுடைய சொந்தக் கொழுப்பு கரைந்ததுதான் படுக்க வைத்தது. எண்ணெயை நிறுத்தினால் பிள்ளை மெலிவான், பசியும் சீக்கிரம் எடுக்கும். ஒரே விலக்கு: ‘எம்.சி.டி.’ என்று லேபிளில் போட்டிருக்கும் எண்ணெயும் அது கலந்த ஊட்டச்சத்துப் பொடிகளும். அவை பெரும்பாலும் 8, 10 கார்பன் சங்கிலிகள், நேராகப் பழுதான நொதியிடம்தான் போய் நிற்கும். எடை ஏற வேண்டும் என்று யாராவது நல்லெண்ணத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம், டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி 12 கார்பன் அமிலம், 8-ம் 10-ம் கொஞ்சம் உண்டு. அதனால் மூளை வளரும் என்று தினமும் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் ஊட்டும் இப்போதைய பழக்கம் இவனுக்கு வேண்டாம். சட்னியில் விழும் தேங்காய்த் துருவலுக்காகக் கவலைப்பட வேண்டாம். உடம்பில் தேய்த்துக் குளிப்பாட்டலாம். கார்னிடின் சிரப் எல்லாப் பிள்ளைகளுக்கும் தேவைப்படுவதில்லை. ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

உறவில் கட்டியதால்தானா? பாதிக்குமேல் ஆமாம். மழுப்ப விரும்பவில்லை. தாய்மாமனும் அக்கா மகளும் மணந்தால், பிள்ளையின் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கு, இரண்டு பிரதியும் ஒரே மூதாதையரிடமிருந்து வந்தவையாக இருக்கும் என்பது சராசரிக் கணக்கு. அத்தை மகன், மாமன் மகள் என்றால் பதினாறில் ஒன்று. உங்கள் மகனின் இரண்டு பிரதியிலும் ஒரே எழுத்து மாறியிருப்பதால், அது உங்கள் பாட்டி அல்லது தாத்தா வழியாக இரு கிளையிலும் இறங்கியிருக்க வேண்டும். பாட்டிதானே உங்கள் மாமியாரும். இதை அவரோடு வாதாடக் கொண்டு போகாதீர்கள். ஒற்றைப் பிரதியில் மாற்றம் உள்ளவருக்கு எந்த நோயும் வராது, தெரியவும் தெரியாது. நீங்கள், உங்கள் கணவர், உங்கள் அம்மா எல்லோரும் அப்படிப்பட்டவர்களே. என்னிடமும், இதைப் படிக்கும் ஒவ்வொருவரிடமும் இப்படிச் சத்தமில்லாத சில மாற்றங்கள் ஏதாவதொரு மரபணுவில் இருக்கும். உறவுமுறைத் திருமணம் அரிதான வட ஐரோப்பாவில்கூட 10,000 முதல் 20,000 பிறப்புகளில் ஒன்று எம்கேட் குறையோடுதான் பிறக்கிறது. ஆனால் மூத்தவளுக்கு உறவில் பேசி வைத்திருக்கிறோம் என்று யாராவது இப்போதே ஆரம்பித்தால், பரிசோதனை பார்க்காமல் வாக்குக் கொடுக்காதீர்கள்.

இன்னொரு குழந்தை தாராளமாகப் பெற்றுக்கொள்ளலாம். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு புதிதாகத் தொடங்கும். ஒருவனுக்கு வந்துவிட்டது, அடுத்த மூவர் தப்புவார்கள் என்ற கணக்குக் கிடையாது. 11 வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடியின் திசுவை எடுத்தோ, பிறகு பனிக்குட நீரை எடுத்தோ, பதிவு பெற்ற மரபியல் மையத்தில் பார்க்க வழி உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மரபியல் துறை இருப்பதால் நீங்கள் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. கர்ப்பத்தில் பார்ப்பதா வேண்டாமா என்பது உங்கள் இருவருடைய முடிவு. என் கருத்தைக் கேட்டால், பட்டினி போடாமல் வளர்க்கத் தெரிந்தால் நன்றாக வாழும் பிள்ளைக்காகக் கர்ப்பத்தில் ஊசி போட நான் அவசரப்பட மாட்டேன். பிறந்த பிறகு பார்த்தால் போதும். பிரசவ அறைக்குப் போகும் முன்பே குழந்தை மருத்துவரிடம் சொல்லி வையுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் பால் போக வேண்டும். தாய்ப்பால் நன்றாக ஊறும்வரை சீம்பால் போதவில்லை என்றால் புட்டிப்பாலோ தானப்பாலோ சேர்த்துக் கொடுக்க வேண்டும். இந்த நோயில் முதல் மூன்று நாட்களில் போன குழந்தைகளும் உண்டு. 24 மணி நேரத்துக்குப் பிறகு குதிகாலில் ரத்தம் எடுப்பார்கள். முடிவு வரும்வரை நோய் இருப்பதாகவே வைத்துப் பால் கொடுங்கள். நாடு முழுவதும் எல்லாப் பிறந்த குழந்தைக்கும் இந்தப் பரிசோதனை கட்டாயம் என்ற நிலை நம்மிடம் இல்லை, நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

வளர்ந்து வாலிபனாகும்போது விரதத்தையும் மதுவையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கும். வெறும் வயிற்றில் குடித்து, இந்தக் குறையோடு உயிரிழந்த பெரியவர்கள் உண்டு. அதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

மொட்டைக்கு அழைத்துப் போங்கள். காட்பாடியிலிருந்து ரயிலில் போனாலும் சித்தூர் வழியாகப் பஸ்ஸில் போனாலும், தரிசன வரிசையில் எத்தனை மணி நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. வேண்டுதல் என்று குழந்தைக்கும் சேர்த்து விரதம் வைக்காதீர்கள். கரைசல் பொடி, அளவு போட்ட புட்டி, காய்ச்சி ஆறிய தண்ணீர், அவனுக்குப் பிடித்த தின்பண்டம், லேமினேட் செய்த கடிதம் ஆகியவற்றை உங்கள் கையில் இருக்கும் பையிலேயே வையுங்கள். பெட்டியோடு பொருள் வைப்பறையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். கிளம்பும் அன்று காலையில் உடம்பு லேசாகச் சுட்டாலும் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.